ஒரே மாதிரி இருபது தப்பு

அத்தியாயம் 14

பட்டியலில் இருபத்தேழாவது பெயர் அண்ணியுடையது என்று ஆபீசர் கண்டுபிடித்த இடத்தில் போன வாரம் நிறுத்தியிருந்தோம். கண்டுபிடித்து நான்கு நாளாகிவிட்டது. இதுவரை யாரிடமும் அவள் மூச்சு விடவில்லை.

நடுவில் வாசிக்க வந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆபீசர் என்பது வீட்டில் வைத்த பெயர். வெளியூர்க் கம்பெனிகளை இங்கே தொழில் தொடங்க அழைத்துவரும் அரசு அலுவலகத்தில் அவளுக்கு வேலை கிடைத்த அன்று அண்ணன் கேலியாக வைத்தது, அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. மாடி அறை அவளுடையது. கீழே அண்ணனும் அண்ணியும். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். அண்ணி பதினோரு வருடம் ஒரு ஸ்டெபிலைசர் பட்டறையில் சர்க்யூட் போர்டுகளுக்கு ஈயம் வைத்தவள். புது ஃப்ரிட்ஜுகளுக்கு ஸ்டெபிலைசரே தேவையில்லை என்றானதும் பட்டறை படுத்துவிட்டது. அது நடந்து எட்டு மாதம்.

இந்த நேரத்தில்தான் துணி துவைக்கும் இயந்திரங்களுக்கு போர்டு செய்யும் பெரிய கம்பெனி ஒன்று இந்தப் பக்கம் வரச் சம்மதித்தது. பக்கத்து மாகாணமும் வெற்றிலை பாக்கு வைக்காத குறையாக அதைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. ஆபீசர் மூன்று வருடம் அலைந்து இங்கே இழுத்துவந்தாள். குறைந்த குத்தகையில் நிலம், ஐந்து வருடத்துக்கு மின்கட்டணச் சலுகை, கம்பெனி வாசல்வரை ரோடு. இத்தனைக்கும் மேல் நானூறு உள்ளூர்க்காரர்களுக்கு அரசு செலவில் பயிற்சி. முதல் இரண்டு வருடம் அந்த நானூறு பேரைத்தவிர வெளியிலிருந்து ஒரு தொழிலாளியைக்கூடக் கம்பெனி எடுக்கக்கூடாது.

பயிற்சிக்கு ஒரு நிபந்தனை உண்டு. கடந்த மூன்று வருடத்துக்குள் இதே வேலையைச் செய்தவர் யாரும் அதில் சேர முடியாது. ஒப்பந்தத்தில் ஏழாவது பிரிவு. அதை எழுதியவள் நம் ஆபீசர்.

அண்ணி தன் விண்ணப்பத்தில் 'முன் அனுபவம்' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதியிருக்கிறாள். எழுத்து கூடக் கோணவில்லை. நாற்பத்திரண்டு வயது முடிந்தவர்களுக்கு இடமில்லை என்று இன்னொரு விதி. அண்ணிக்கு அடுத்த மாதம் முடிகிறது. முதல் நாற்பது பேர் கொண்ட இந்த அணியில் சேர்ந்தால் உண்டு, இல்லையென்றால் கதவு அடைபட்டுவிடும்.

இன்று அந்த நாற்பது பேருக்கும் தொடக்கச் சோதனை.

காலையில் வாசல் கேட்டை யாரோ தடதடவென்று தட்டினார்கள். பேப்பர்க்காரர்தான், மாதச் சந்தாவுக்கு வந்திருந்தார். வீட்டின் அழைப்பு மணி ஊமையாகி ஆறு மாதம் ஆகிறது. ஊரில் இருக்கும் லிஃப்டையெல்லாம் ஓடவைக்கிற அண்ணன், வீட்டு மணி விஷயத்தில் கையை விரித்துவிட்டான்.

"அதுக்குள்ள சின்ன போர்டு ஒண்ணு இருக்கு. அது உங்க அண்ணி டிபார்ட்மென்ட்" என்றான், ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே.

"எனக்கு அதெல்லாம் ஒண்ணும் தெரியாது" என்றாள் அண்ணி.

சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அண்ணன் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தேவையே இல்லாமல் மழை வருமா என்று பேச ஆரம்பித்தான். அவனுக்கு விஷயம் தெரியும் என்பதை ஆபீசர் அப்போதே புரிந்துகொண்டாள். பொய் சொல்ல வராத மனிதன். வாயை மூடிக்கொண்டிருக்கச் சொன்னால் வானிலை அறிக்கை வாசிப்பான்.

சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி உண்டு. ஈயத்தை உருக்கி வைக்கும் அண்ணியின் சால்டரிங் அயர்ன் எப்போதும் அதில்தான் தொங்கும். பட்டறை மூடிய அன்று முதலாளி அவளுக்குக் கொடுத்தது அது. மரப்பிடியில் அவள் கட்டைவிரல் பட்டுப்பட்டு ஒரு பள்ளமே விழுந்திருக்கும். போன மாதத்திலிருந்து ஆணி வெறுமையாக இருக்கிறது. விண்ணப்பித்தவர்களின் வீட்டுக்கு விசாரணைக்கு ஆள் வருவார்கள் என்பது விதி. வந்துபோயிருக்கிறார்கள் என்று ஆபீசர் கணக்குப் போட்டுக்கொண்டாள்.

அண்ணி எங்கே போகிறாள் என்று ஆபீசர் கேட்கவில்லை. தோழி வீட்டுக்குப் போவதாக அண்ணியே சொன்னாள். சொல்லிவிட்டு, மதியச் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொள்ள மறக்காதே என்று வழக்கம்போல ஞாபகப்படுத்தினாள். ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேரும் அரை மணி நேர இடைவெளியில் ஒரே இடத்துக்குக் கிளம்பினார்கள்.

பயிற்சிக் கூடம் முன்பு பஸ் டிப்போவாக இருந்தது. தரையில் எண்ணெய்க் கறை இன்னும் போகவில்லை. நாற்பது மேசைகள் போட்டு, ஒவ்வொன்றிலும் ஓர் எண், ஓர் அயர்ன், அதை வைக்க ஸ்டாண்டு, முனையைத் துடைக்க ஈரப் பஞ்சு. முன்னால் பயிற்சியாளர்களுக்கு இரண்டு பெரிய மேசைகள். ஒன்றில் ஆள் இருந்தார். இன்னொன்றில் தூசி இருந்தது.

ஆபீசர் அரசுப் பார்வையாளர். சோதனை முடிந்ததும் பட்டியலில் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. இன்றைக்கு எடுக்கும் மதிப்பெண்ணும் நான்கு மாதம் கழித்து எடுக்கும் மதிப்பெண்ணும் எவ்வளவு தூரம் என்று பார்த்துத்தான் கம்பெனிக்கு அரசு மானியம் கொடுக்கும். ஆகவே இன்று எல்லோரும் மோசமாகச் செய்தால்தான் எல்லோருக்கும் நல்லது. இப்படி ஒரு பரீட்சையை வேறெங்கும் பார்க்க முடியாது.

கம்பெனி சார்பில் ஒரு தர ஆய்வாளர் வந்திருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். தூரத்துக்கு ஒரு கண்ணாடி மூக்கில், கிட்டத்துக்கு ஒரு கண்ணாடி கழுத்தில். கூடத்தில் இருந்தவர்கள் பத்தே நிமிடத்தில் அவருக்கு 'ரெட்டைக் கண்ணாடி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். முப்பது வருடம் போர்டுகளையே பார்த்த கண்.

இருபத்தேழாம் மேசையில் உட்கார்ந்திருந்த அண்ணி, கதவைத் திறந்து ஆபீசர் வருவதைப் பார்த்தாள். ஆபீசரும் பார்த்தாள். இரண்டு பேருக்கும் இது ஒரு விநாடிதான். பிறகு அண்ணி ஈரப் பஞ்சைச் சரியாக நகர்த்திவைத்தாள். ஆபீசர் கையிலிருந்த பட்டியலைப் புரட்டினாள்.

நான்கு நாளாக அவள் மனதில் இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால் அண்ணியின் வேலை போகும். சொல்லாமல் கையெழுத்துப் போட்டு அது பின்னால் வெளியே வந்தால், விதிப்படி அணி முழுவதுமே ரத்து. மற்ற முப்பத்தொன்பது பேரும் தெருவில். அவளுக்கு வழி தெரியவில்லை. அண்ணி ஒழுங்காகத் தோற்றுவிட்டால் போதும், யாருக்கும் எதுவும் தெரியாமல் போய்விடும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டாள். அப்படி வேண்டிக்கொண்டதற்காக வெட்கமும் பட்டாள்.

சோதனை இதுதான்: ஒரு போர்டு, அதில் துளை வழியே நீட்டிக்கொண்டிருக்கும் இருபது கம்பிக் கால்கள். ஒவ்வொன்றின் அடியிலும் ஈயம் வைத்து போர்டோடு சேர்க்க வேண்டும். அரை மணி நேரம்.

மணி அடித்ததும் கூடம் முழுக்கப் புகை கிளம்பியது. செருப்புக் கடையில் வேலை பார்த்த ஒருவர் முதல் நிமிடத்திலேயே விரலைச் சுட்டுக்கொண்டார். இருபத்தாறாம் மேசையில் இருந்த பெண் நான்கு கால்களைச் சேர்த்து ஒரே உருண்டையாக ஒட்டிவிட்டு, அதைப் பிரிக்கப் போய் ஐந்தாவதையும் ஒட்டினாள். அவள் கைக்குழந்தையைத் தங்கையிடம் விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வந்தவள். காலையில் பஸ்ஸிலேயே அண்ணியிடம் தன் கதை முழுவதையும் சொல்லியிருந்தாள். யாரோ ஒருவர் பஞ்சையே பொசுக்கினார். பயிற்சியாளர் ஒவ்வொரு மேசையாக ஓடினார். ரெட்டைக் கண்ணாடி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

அண்ணி மெதுவாகச் செய்தாள். ஒவ்வொரு காலுக்கும் நடுவில் நிறுத்தி, யோசிக்கிற மாதிரி நெற்றியைச் சுருக்கினாள். நடிப்பு பரவாயில்லை. ஆபீசர் தூரத்திலிருந்து பார்த்து நிம்மதியாக மூச்சு விட்டாள்.

போர்டுகளைச் சேகரித்து நீளமான மேசையில் வரிசையாகப் பரப்பினார்கள். ரெட்டைக் கண்ணாடி கழுத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒன்று, இரண்டு என்று பார்த்துக்கொண்டே போனார். மதிப்பெண்கள் எதிர்பார்த்தபடி கேவலமாக இருந்தன. இருபதுக்கு மூன்று. இருபதுக்கு ஒன்று. இருபத்தேழாவதுக்கு வந்ததும் நின்றார். கையில் எடுத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பிறகு ஆபீசரைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"இது எத்தனை மார்க்னு நீங்க சொல்லுங்க."

ஆபீசர் பார்த்தாள். இருபது கால்களிலும் ஈயம் மங்கலாக, உருண்டையாக, ஒட்டியும் ஒட்டாமலும் நின்றது. தட்டினால் விழுந்துவிடும். இந்த அளவுக்கு அவளுக்கும் தெரியும், வீட்டில் பார்த்திருக்கிறாள்.

"பூஜ்யம்" என்றாள்.

"பூஜ்யம்தான். ஆனா தெரியாதவங்க தப்பு பண்ணினா பத்து விதமா பண்ணுவாங்க. ஒரு இடத்துல ஜாஸ்தி ஈயம், ஒரு இடத்துல ஒண்ணுமே இல்ல, ஒரு இடத்துல போர்டே கருகியிருக்கும். இவங்க ஒரே தப்ப இருபது தடவை பண்ணியிருக்காங்க. உருண்டை ஒவ்வொண்ணும் ஒரே சைஸ். அளந்து வெச்ச மாதிரி."

ரெட்டைக் கண்ணாடி இருபத்தேழாம் மேசையை நோக்கித் தலையை அசைத்தார்.

"அந்த அயர்னையும் பாருங்க. ஸ்டாண்டுல வைக்கறதுக்கு முன்னாடி முனையில புது ஈயம் தடவி வெச்சிருக்காங்க, துருப்பிடிக்காம இருக்க. அதை இன்னும் இங்க யாருமே சொல்லிக் குடுக்கல."

இது அண்ணி செய்த பிழை. நெற்றியைச் சுருக்கினாள், நேரத்தைக் கடத்தினாள், இருபது இணைப்பையும் கெடுத்தாள். கடைசியில் அயர்னை அழுக்காக விட்டுவிட்டு எழுந்திருக்க மட்டும் அவளால் முடியவில்லை.

அவளைக் கூப்பிட்டார்கள். வந்து நின்றாள். கேள்வியைக் கேட்க வேண்டியவள் அரசுப் பார்வையாளர்.

"இதுக்கு முன்னாடி இந்த வேலை செஞ்சிருக்கீங்களா?" என்று கேட்டாள் ஆபீசர்.

"இல்ல, மேடம்."

வாழ்க்கையில் முதல் தடவையாக அண்ணி அவளை மேடம் என்றாள். வீட்டில் வா போ என்று கூப்பிட்டு, தலையில் எண்ணெய் வைக்கச் சொல்லித் திட்டுகிறவள்.

ஆபீசருக்கு அங்கிருந்து ஓடிவிட வேண்டும் போலிருந்தது. ஓடவில்லை. பயிற்சிப் பட்டியலில் ஒரு தகவல் தப்பாக இருந்தாலும் நாற்பது பேரின் இடமும் ரத்தாகும், அதனால்தான் கேட்க வேண்டியிருக்கிறது என்று விதியை எடுத்துச் சொன்னாள். அது அண்ணிக்குப் புதிய செய்தி. தன் ஒருத்தியோடு போகிற விஷயம் என்று நினைத்திருந்தாள். திரும்பி இருபத்தாறாம் மேசையைப் பார்த்தாள். அந்தப் பெண் ஒட்டிப்போன ஐந்து கால்களைப் பற்றிப் பக்கத்து ஆளிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ரெட்டைக் கண்ணாடி அதட்டவும் இல்லை, விசாரிக்கவும் இல்லை. புது போர்டு ஒன்றை எடுத்து அண்ணியின் முன்னால் வைத்தார். பக்கத்து மேசையிலிருந்து ஓர் அயர்னைக் கொண்டுவரச் சொன்னார்.

"எனக்காக இன்னொண்ணு வைங்க. எப்படி வேணும்னாலும் வைங்க."

வந்த அயர்ன் செருப்புக் கடைக்காரருடையது. முனை கறுத்து, கரி பிடித்து, பார்க்கவே சகிக்கவில்லை. அண்ணி அதைக் கையில் வாங்கினாள். இந்தத் தடவையும் கெடுத்துவைத்திருக்கலாம். யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். அவள் அந்த முனையைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு ஈரப் பஞ்சில் துடைத்தாள். போகவில்லை. ஈயம் தொட்டு மறுபடி துடைத்தாள். மூன்றாவது தடவை முனை பளிச்சென்று ஆனது.

அதற்கப்புறம் அவள் கை யாரையும் கேட்கவில்லை, அவளைக்கூட. உட்காரக்கூட இல்லை. குனிந்து, இடது கையில் ஈயக் கம்பி, வலது கையில் அயர்ன். காலையும் போர்டையும் ஒரே நேரத்தில் சூடாக்கி, ஈயம் தொட்டு, எடுத்து, அடுத்தது. நான்கு நிமிடத்தில் இருபதும் முடிந்தது. மற்றவர்கள் மேசைகளிலிருந்து எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். எட்டு மாதமாகச் சும்மா இருந்த கை. அவள் முகத்தில் இருந்தது சந்தோஷம்தான், அதற்கு வேறு பெயர் இல்லை.

அயர்ன் முனையில் ஈயம் தடவி, ஸ்டாண்டில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"பதினோரு வருஷம், மேடம். ஸ்டெபிலைசர் பட்டறை. மூடி எட்டு மாசம் ஆகுது."

ஆபீசர் பேனாவை எடுத்து இருபத்தேழாவது வரியைக் குறுக்கே அடித்தாள். பக்கத்தில் 'முன் அனுபவம் உண்டு' என்று எழுதினாள். குறிப்புகள் என்று ஒரு கட்டம் கடைசியில் இருக்கும், யாரும் நிரப்புவதில்லை. அதில் 'இவர் என் அண்ணி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அண்ணி சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். போகும் வழியில் இருபத்தாறாம் மேசைப் பெண்ணிடம், முதலில் காலைச் சூடாக்கு, அப்புறம் ஈயத்தைக் காட்டு என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கையெழுத்தான பட்டியலை வாங்கிய ரெட்டைக் கண்ணாடி, குறிப்புக் கட்டத்தை இரண்டு கண்ணாடியாலும் படித்தார். ஆச்சரியப்பட்ட மாதிரி தெரியவில்லை. தன் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார்.

"நாப்பது பேருக்கு ரெண்டு பயிற்சியாளர் தர்றதா உங்க அரசு ஒத்துக்கிட்டிருக்கு. ஒருத்தர்தான் இருக்காரு. ரெண்டாவது ஆள் எங்கன்னு ஒரு மாசமா கேக்கறேன். படிக்கற மேசையில ஒரு வாத்தியாரை உக்கார வெச்சிருந்தீங்க, அவ்வளவுதான்."

ஆபீசர் தயங்கினாள். பயிற்சியாளர் பதவிக்கு முன் அனுபவம் தடையில்லை. சொல்லப்போனால் பத்து வருடம் இருந்தாக வேண்டும். வயது வரம்பும் கிடையாது. ஆனால் அந்தப் படிவத்தில் பரிந்துரைக்கிற அலுவலர் இந்தத் திட்டத்தின் பொறுப்பாளராக இருக்க வேண்டும். பொறுப்பாளர் அவள். சொந்தக்காரரைப் பரிந்துரைத்தால் அந்த நிமிடமே திட்டத்தை வேறு கைக்கு மாற்றிவிட்டு ஒதுங்க வேண்டும். அலுவலகத்தில் அவளுக்கு எதிர் மேசையில் இருப்பவர் மூன்று வருடமாக அந்த நாளுக்காகத்தான் காத்திருக்கிறார். தொழிற்சாலைத் திறப்பு விழாவுக்கு இன்னும் ஏழு வாரம் இருந்தது.

இதையெல்லாம் அவள் விளக்கினாள். ரெட்டைக் கண்ணாடி பொறுமையாகக் கேட்டார்.

"அது உங்க பாடு. எனக்கு வியாழக்கிழமைக்குள்ள ஆள் வேணும். இல்லேன்னா எங்க தலைமை ஆபீஸ்லேந்து ஒருத்தரை அனுப்பச் சொல்லிடுவேன்."

ஆபீசர் படிவத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது அண்ணன் கூடத்தில் அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தான். அண்ணி அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தாள், அதுவும் வேடிக்கையாக. ரொம்ப நன்றாகச் செய்துவிட்டாளாம், அதனால் வேண்டாமாம். அண்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரில் எத்தனையோ பேர் எத்தனையோ புரட்டு செய்து உள்ளே போகிறார்கள், சொந்த வீட்டுப் பெண்ணைக் கண்டும் காணாமல் விட முடியவில்லையா என்று தங்கையிடம் கேட்டான். அண்ணியின் பெயரை அடிக்கும்போது கை கூசவில்லையா என்றும் கேட்டான். பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவளை ஆபீசர் என்று கூப்பிடாமல் பேசினான்.

கை கூசியது என்றாள் அவள்.

"விடுங்க" என்றாள் அண்ணி. "அவ வேலைய அவ பாத்தா. டீ ஆறுது."

ஆபீசர் தேநீரைக் குடிக்காமல் மாடிக்குப் போனாள். பத்து நிமிடம் கழித்து அண்ணியே கோப்பையை எடுத்துக்கொண்டு மேலே வந்தாள். மேசையில் வைத்தாள். போகாமல் நின்றாள்.

"உன் பீரோவுல என் சாமான் ஒண்ணு இருக்கு. எடுத்துக்கட்டுமா?"

ஆபீசருக்குப் புரியவில்லை. அண்ணி பீரோவைத் திறந்து, கம்பளிகளுக்குப் பின்னால் கையைவிட்டு, துண்டில் சுற்றிய ஒன்றை வெளியே எடுத்தாள். பிரித்தாள். மரப்பிடியில் கட்டைவிரல் பள்ளம்.

"வீட்டு விசாரணைக்கு வர்றாங்கன்னதும் எங்க வைக்கறதுன்னு தெரியல. உன் பீரோவ மட்டும் யாரும் தொட மாட்டாங்கன்னு தோணுச்சு" என்றாள் அண்ணி. "இனிமே ஒளிச்சு வைக்க வேண்டியதில்லையே."

ஆபீசருக்கு அப்போதுதான் அழுகை வந்தது. பயிற்சிக் கூடத்தில் வராதது, அண்ணன் திட்டியபோது வராதது. அண்ணி அவள் அழுவதைத் தடுக்கவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, அயர்னின் ஒயரை நிதானமாக முறுக்கு எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, அந்த ஏழாவது பிரிவு இருக்கில்ல. அத எழுதினது நான்தான்."

"தெரியுமே."

"எப்படித் தெரியும்?"

"நான் சொல்லித்தானே எழுதின. மறந்துட்டியா? இதுக்கு முன்னாடி இங்க வந்த ஒரு கம்பெனி எங்க பட்டறையில எட்டுப் பேரைத் தூக்கிட்டுப் போயி, புதுசா பயிற்சி குடுத்தோம்னு அரசாங்கத்துக்கிட்ட மானியம் வாங்கினாங்க. முதலாளி அன்னிக்கு எங்க முன்னாடியே அழுதுட்டாரு. நான் வீட்டுக்கு வந்து உன்கிட்ட அதைச் சொன்னேன். இப்படி நடக்காம ஏதாவது ஒரு வரி எழுதிப் போடக் கூடாதான்னு கேட்டேன். நீ அப்பவே நோட்டை எடுத்துட்ட."

ஆபீசருக்கு ஞாபகம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், இதே கட்டிலில். அண்ணி சொல்லச் சொல்ல அவள் எழுதியிருந்தாள். பிறகு அலுவலகத்தில் அதை நான்கு தடவை திருத்தி, கூட்டத்தில் வாதாடி, மேலிடத்தில் பாராட்டு வாங்கி, யார் சொல்லி எழுதினோம் என்பதையே மறந்துபோயிருந்தாள்.

"விண்ணப்பத்துல இல்லைன்னு எழுதும்போது அதுதான் மனசுல ஓடிச்சு" என்றாள் அண்ணி. "நாமளே கேட்டு வாங்கினதாச்சேன்னு. ஆனாலும் எழுதினேன். வீட்டுல சும்மா இருக்க முடியல, அதான்."

எழுந்தாள். கதவருகே போய்த் திரும்பினாள்.

"நல்ல வரிதான் அது. என்னால அதை மாத்திகீத்தி வெச்சிடாத."

படியிறங்கிப் போய்விட்டாள். படிவத்தைப் பற்றி ஆபீசர் அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், வேண்டாம், உன் மூன்று வருட உழைப்பு என்று அண்ணி அங்கேயே மறுத்திருப்பாள். அது ஆபீசருக்குத் தெரியும். சொல்லாமல் விட்டதற்கு அது மட்டும்தான் காரணமா என்று கேட்டால், இல்லை.

பையிலிருந்து படிவத்தை எடுத்து மேசையில் விரித்தாள். பயிற்சியாளர் பெயர் என்று மேலே ஒரு கோடு. பரிந்துரைக்கும் அலுவலர் என்று கீழே ஒரு கோடு. அதற்கும் கீழே சிறிய எழுத்தில், உறவினர் எனில் திட்டப் பொறுப்பிலிருந்து விலகச் சம்மதம் என்று ஒரு கட்டம். அந்தப் படிவத்தைப் போன வருடம் தயாரித்ததும் அவள்தான்.

தேநீர் நன்றாக ஆறிவிட்டது. கீழே ஸ்குரூ டிரைவர் உருளும் சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் லேசாக ஈயப் புகை மாடிவரை வந்தது. அவள் மேலே இருந்த கோட்டில் அண்ணியின் முழுப் பெயரை எழுதினாள். எழுதி முடித்து, பேனாவை எடுக்காமல் கீழே இருக்கிற கட்டத்தைப் பார்த்தாள்.

ஆறு மாதமாக ஊமையாக இருந்த மணி அப்போது அடித்தது. அண்ணன் யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்துச் செருப்பைத் தேடிக்கொண்டு வாசலுக்கு ஓடினான். வாசலில் யாரும் இல்லை, அண்ணிதான் பொத்தானை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் சிரிப்பது மாடிக்குக் கேட்டது. கட்டத்தைத் தொடாமல் ஆபீசர் பேனாவை மூடினாள். இன்று செவ்வாய்க்கிழமை, வியாழனுக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது.